செத்தவன் பெயரில் வாழ்ந்தவன்

கேள்வி: 'சிஸ்வே பான்ஸி இறந்துவிட்டான்' என்ற தென்னாப்பிரிக்க நாடகம் பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் செத்தவனின் அடையாளப் புத்தகத்தில் தன் போட்டோவை ஒட்டிப் பிழைக்கிறவனுக்குக் கைதட்டுவது சரியா? பெருநகரத்தில் ஏமாற்றினால்தான் வாழலாம் என்கிறார்களா?

பதில்: இல்லவே இல்லை. யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

சிஸ்வே போர்ட் எலிசபெத்துக்கு வருவது வேலை தேடி. ஊரில் மனைவியும் பிள்ளைகளும் இவன் அனுப்பப்போகும் காசுக்காகக் காத்திருக்கிறார்கள். அவனுடைய பாஸ் புத்தகத்தில், அதாவது கறுப்பினத்தவர் எங்கே இருக்கலாம், எங்கே வேலை தேடலாம் என்று காட்டும் அடையாளப் புத்தகத்தில், ஒரு முத்திரை குத்துகிறார்கள்: மூன்று நாளில் நகரத்தைவிட்டுக் கிளம்பு. சொந்த நாட்டில் வேலை தேடியதைத் தவிர அவன் செய்த குற்றம் எதுவும் இல்லை. கறுப்பின மக்கள்மேல் இந்தப் புத்தகத்தைச் சுமத்திய 1952-ஆம் வருஷச் சட்டத்தின் தலைப்பிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்ற சொல் இருக்கிறது. மோசடி எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

நீங்கள் சிரித்த இடங்களைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். தெருவில் கிடக்கும் பிணத்தின் சட்டைப்பையில் வேலை தேடும் அனுமதியோடு ராபர்ட் என்ற பெயரில் ஒரு புத்தகம் இருக்கிறது, நண்பன் புண்டு போட்டோக்களை மாற்றி ஒட்டுகிறான், சிஸ்வேயோ 'என் பெயர் என்னாவது, என் பெண்டாட்டிக்கு நான் யார்' என்று மல்லுக்கு நிற்கிறான். அப்புறம் புண்டு போலீஸ்காரன் மாதிரி, சம்பளம் கொடுக்கிறவன் மாதிரி மாறி மாறி அதட்டி, செத்தவனின் புத்தகத்திலுள்ள அடையாள எண்ணை சிஸ்வேயின் நாக்கில் ஏற்றுகிறான். தன் பெயரை மறக்க ஒரு மனுஷன் பாடம் படிக்கிறான், சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கிறது. போட்டோ பிடிக்கும் ஸ்டைல்ஸின் ஸ்டூடியோவில் புது கோட்டு சூட்டோடு, ஒரு கையில் சிகரெட், மறு கையில் பைப் என்று அவன் போஸ் கொடுப்பதும் மனைவிக்கு அனுப்பத்தானே?

இன்னொன்று. நாடகாசிரியர் அதோல் ஃபுகார்டோடு சேர்ந்து இதை உருவாக்கி 1972-ல் கேப்டவுனில் நடித்த ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா இருவருமே அப்போது அரசாங்கத்தின் தாளில் நடிகர்கள் இல்லை. கறுப்பினத்தவருக்கு 'நடிகர்' என்று ஒரு தொழிலே பதிவேட்டில் கிடையாது என்பதால், ஃபுகார்டின் வீட்டு வேலைக்காரர்கள் என்று பதிந்துகொண்டுதான் மேடையேறினார்கள். 1975-ல் நியூயார்க்கில் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள், 1976-ல் இதே நாடகத்தை தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை பகுதியில் நடித்ததற்காகக் கைதானார்கள். அவர்களையும் ஆள்மாறாட்டக்காரர்கள் என்பீர்களா?

சரி, பொய்ப் பெயர் அவனைக் காப்பாற்றிவிட்டது என்றாவது நாடகம் சொல்கிறதா? வம்புக்குப் போகாதவரை ராபர்ட்டாக இருக்கலாம் என்கிறான் புண்டு. கறுப்பனாக இருப்பதே வம்புதானே என்று சிஸ்வே திருப்பிக் கேட்கிறான். அந்த இடத்தில் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள், நீங்களும்தான்.