வாராவாரம் விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். வயது 31, இன்னும் திருமணமாகவில்லை, எச்1பி விசா. பிடித்தம் போக மாதம் 6,400 டாலர் கைக்கு வருகிறது. வாடகை, கார் தவணை, சாப்பாடு, திருநெல்வேலியில் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் 800 என எல்லாம் சேர்த்து 4,500 செலவாகிறது. கிரெடிட் கார்டில் 4,200 பாக்கி, வட்டி 24 சதவீதம். சேமிப்பில் 6,000 இருக்கிறது. இரண்டு முறை டேண்டம் ஸ்கைடைவிங் (பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பது) போனேன். இப்போது லைசென்ஸ் எடுத்துத் தனியாகக் குதிக்க ஆசை. டிராப்ஸோனில், அதாவது குதிக்கும் தளத்தில், சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், பணத்துக்கு என்ன செய்கிறார்கள்? பாராசூட் மடித்துக் கொடுத்தால் ஜம்ப் காசு தேறிவிடும் என்கிறார்களே, செய்யலாமா? பயிற்சிக்கு பெர்சனல் லோன் வாங்கலாமா?

பதில்: பாராசூட் மடிக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர், தனக்காக மனு போட்ட நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. காசாக வாங்காமல், இத்தனை மடித்தால் ஒரு ஜம்ப் இலவசம் என்று கழித்துக்கொண்டாலும் அது கூலிதான். நாளைக்கு அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அனுமதியில்லாமல் வேலை செய்ததுண்டா என்று படிவத்திலேயே கேட்பார்கள். வாரத்துக்கு நூறு டாலருக்காக அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் பாராசூட்டை நீங்களே மடித்துக்கொள்ளத் தடையில்லை. மிச்சம் பிடிக்கும் வழியும் அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த ஆட்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள்தான். சாஃப்ட்வேர்காரர்கள், பொறியாளர்கள், ராணுவத்தினர், விமானிகள், எலெக்ட்ரீஷியன்கள் என்று கலந்து இருப்பார்கள். வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ்களும், 24 மணி நேரம் வேலை 48 மணி நேரம் ஓய்வு என்று சுற்றில் போகும் தீயணைப்பு வீரர்களும் கணிசமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வானம் தெளிவாக இருக்கும் பகல் பொழுது அவர்களுக்குக் கிடைக்கிறது. சம்பளத்தின் அளவைவிட, வேறு எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதே பெரும்பாலும் விஷயத்தைத் தீர்மானிக்கிறது. பழைய கார், பங்கு போட்ட வாடகை வீடு, வெளிநாட்டுச் சுற்றுலா கிடையாது. ஒரே பொழுதுபோக்கு, மொத்தப் பணமும் அதற்கே. ஸ்பான்சர் இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களிலும் பலருக்குக் கிடைப்பது உபகரணத்தில் தள்ளுபடி மட்டும்தான், சம்பளம் அல்ல.

டிராப்ஸோனிலேயே பிழைப்பவர்களும் உண்டு. அவர்களுடைய வருமானக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "இதையே தொழிலாக்கிவிடலாமே" என்ற எண்ணம் ஐம்பதாவது ஜம்ப்பில் எல்லோருக்கும் வரும். ஒரு பாராசூட் மடித்தால் சுமார் 8 முதல் 10 டாலர், டேண்டம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். கைதேர்ந்தவர் பத்து நிமிடத்தில் ஒன்றை முடிப்பார். நல்ல சனிக்கிழமையில் இருபதுக்கு மேல் தேறும். காற்று அடித்தால் அன்றைக்குப் பூஜ்யம். டேண்டம் பயிற்றுநருக்கு ஒரு ஜம்ப்புக்கு 40 முதல் 60 டாலர் கிடைக்கும். ஆனால் அந்தத் தகுதிக்கு அமெரிக்க விமானத் துறையின் விதிப்படி மூன்று ஆண்டு அனுபவமும் 500 ஜம்ப்பும் மாஸ்டர் லைசென்ஸும் வேண்டும். ஒரு முறை விமானம் ஏறும் டிக்கெட் 30 டாலர் என்று வைத்தால் 500 ஜம்ப்புக்கே 15,000 ஆகிவிடுகிறது. பெரும்பாலும் 1099 எனப்படும் சுயதொழில் ஒப்பந்தத்தில்தான் வேலை. சுயதொழில் வரி 15.3 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும், நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கிடையாது, கணுக்கால் முறிந்தால் வருமானமும் முறிந்தது. குதிப்பதில் தணியாத ஆசை உள்ளவர்கள் அதை மனமறிந்து தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்கள் சம்பளத்தில் இருந்துகொண்டு வார இறுதியில் குதிப்பதே மலிவு.

இப்போது லைசென்ஸ் செலவு. அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. தரும் முதல் படியான ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 ஜம்ப் வேண்டும். பயிற்றுநர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குதிக்கவைக்கும் ஏ.எஃப்.எஃப். முறையில் போனால் முதல் வகுப்பு, பயிற்றுநர் உடன் வரும் ஜம்ப்புகள், கோச் ஜம்ப்புகள், வாடகை உபகரணம் எல்லாம் சேர்த்து 3,000 முதல் 4,000 டாலர் வரை ஆகும். இதில் பணம் ஒழுகும் ஓட்டை எங்கே என்றால், இடைவெளியில். பயிற்சி மாணவர் 30 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால் மறுபயிற்சியும், பயிற்றுநர் கண்காணிப்பில் மீண்டும் ஒரு ஜம்ப்பும் தேவை. ஏ.எஃப்.எஃப். கட்டத்தில் அப்படி ஒரு ஜம்ப் 200 டாலரைத் தாண்டலாம். மாதம் 300 ஒதுக்கி மாதத்துக்கு ஒன்று குதிக்கலாம் என்று சிக்கனமாகத் திட்டம் போடுபவர்தான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்: இரண்டு வார இறுதி மழை, ஒரு வாரம் ஆபீஸ் ரிலீஸ், 30 நாள் போயே போய்விட்டது, முந்தைய படியையே திரும்பச் செய்ய வேண்டியதாகிறது. மாணவர்களுக்குக் காற்று வரம்பு வேறு மணிக்கு 14 மைல்தான். லைசென்ஸ்காரர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அதனால் மொத்தப் பணமும் கையில் சேர்ந்த பிறகு தொடங்கி, ஆறு எட்டு வாரத்தில் அடுத்தடுத்து முடித்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் வேறு பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் ஒரு வாரம் விடுப்பு போடுங்கள். வார நாட்களில் கூட்டமில்லாததால் விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் குறையும். காற்றுச் சுரங்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே பழகினால் வயிறு கீழ்நோக்கிய நிலையில் உடம்பை நிலையாக வைக்கும் பாடம் அங்கேயே படிந்துவிடும். ஒரு ஏ.எஃப்.எஃப். படியைத் திரும்பச் செய்யும் செலவு மிச்சமானாலும் அந்தக் காசு வந்துவிடும்.

லோன் வேண்டாம். உங்களிடம் மாதம் 1,900 மீதி விழுகிறது. முதலில் கார்டு பாக்கி. மூன்றாவது மாத நடுவில் தீர்ந்துவிடும். அடுத்து சேமிப்பை 6,000-லிருந்து 13,500-க்கு, அதாவது மூன்று மாதச் செலவுக்கு, உயர்த்துங்கள். எச்1பி-யில் வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள் என்பதால் இதைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன். பிறகு பயிற்சிக்கு 4,000. எல்லாம் சேர்த்து எட்டரை மாதம் ஆகும். 401கே ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் எடுக்கும் எண்ணமும் வேண்டாம். வேலையை விட்டதும் பாக்கியைக் குறித்த கெடுவுக்குள் கட்டாவிட்டால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும், உங்கள் வயதில் மேலே 10 சதவீத அபராதமும் உண்டு.

லைசென்ஸ் வந்ததும் அடுத்த சறுக்கல் உபகரணம். முழு செட் என்றால் நான்கு பாகம்: மெயின் பாராசூட், அது சரியாகத் திறக்காவிட்டால் உதவும் ரிசர்வ் பாராசூட், இரண்டையும் தாங்கும் கன்டெய்னர், மயங்கிவிட்டாலும் குறித்த உயரத்தில் ரிசர்வைத் திறந்துவிடும் ஏ.ஏ.டி. கருவி. புதிதாக 8,000 முதல் 10,000 டாலர், நல்ல பழையது 4,000 முதல் 6,000. புதியதை இப்போது வாங்காதீர்கள். உங்கள் எடை 165 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்; உபகரணம் 25 சேர்த்தால் 190. தொடக்கக்காரருக்குப் பாராசூட்டின் ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதால் 190 சதுர அடி மெயின் தேவை. நூறு ஜம்ப்புக்குப் பிறகு அதைவிடச் சிறியதுக்கு மாற நினைப்பீர்கள். எப்படியும் மாற்றப்போகும் பொருளுக்குப் புது விலை எதற்கு?

வாடகை ஜம்ப்புக்கு 28 டாலர் என்று வைத்தால், 5,500-க்கு வாங்கிய பழைய செட்டைப் பின்னால் 4,000-க்கு விற்க முடிந்தால் உண்மையான செலவு 1,500. ஐம்பத்து நான்கு ஜம்ப்பில் வாடகையைவிட மலிவாகிவிடும். அதற்கு முன் இருபது முப்பது ஜம்ப் வாடகையில் போய், எந்த அளவு ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

பழையதை வாங்கும்போது ஏ.ஏ.டி.யின் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். சைப்ரஸ் நிறுவனக் கருவிகளில் அண்மைக்காலத்தவற்றுக்கு ஆயுள் பதினைந்தரை ஆண்டு, பழையவற்றுக்கு அதைவிடக் குறைவு. பதினான்கு ஆண்டு ஆன கருவியோடு "முழு செட்" விற்பவர் உண்மையில் உங்களுக்கு 1,400 டாலர் செலவைக் கைமாற்றிவிடுகிறார். 20 ஆண்டு தாண்டிய ரிசர்வை மடிக்க, பாராசூட்டைப் பரிசோதித்து மடிக்கும் ரிக்கர்கள் பலர் மறுப்பார்கள். 150 சதுர அடி மெயினுக்குத் தைத்த கன்டெய்னரில் 190 அடங்காது. மெயினில் எத்தனை ஜம்ப் ஓடியிருக்கிறது, லைன் எனும் கயிறுகளை எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். ஸ்பெக்ட்ரா இழை லைன்கள், பாராசூட் திறக்கும்போது அவற்றின் வழியே வழுக்கி இறங்கும் ஸ்லைடர் துணி உரசும் சூட்டில் சுருங்கும், பிரேக் லைன் எல்லாவற்றையும்விட அதிகமாக. சுருங்கினால் பாராசூட் திறக்கும் விதமும் பறக்கும் விதமும் கெடும். புது லைன் செட் 300 டாலர் அளவில் வரும், விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முகம் தெரியாத விற்பனையாளருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். செட் ஒரு ரிக்கரின் கைக்கு வந்து, அவர் பிரித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே பணம் போக வேண்டும்.

மடிப்புக்கு வருவோம். அமெரிக்காவில் ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ரிக்கர் மடித்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் 80 டாலர் அளவு. மெயினை அடுத்து அதில் குதிக்கப்போகும் நீங்களே மடிக்கலாம். ஆண்டுக்கு நூறு ஜம்ப் என்றால் மடிப்புக் கூலி 900 மிச்சம். ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம் வியர்த்து ஊற்றும்: லைன்கள் முறுக்கில்லாமல் நேராக வர வேண்டும், மடிப்புகளை வரிசையாகத் தட்டி, ஸ்லைடரை லைன்களுக்கு நடுவில் மேலே இழுத்து வைத்து, துணிக்குள் இருக்கும் காற்றை உடம்பால் அழுத்தி வெளியேற்றிப் பைக்குள் திணிக்க வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் உள் கயிற்றை இழுத்து அதை விரியும் நிலைக்குக் கொண்டுவர மறந்தால், வெளியே எறிந்த பிறகும் அது காற்றைப் பிடிக்காது, மெயின் வராமலே போகலாம். ரப்பர் பேண்டில் லைன்களைத் தளர்வாகச் செருகினால் அவை ஒரேயடியாகக் கொட்டி, கழுத்தை உலுக்கும்படி பாராசூட் வெடித்துத் திறக்கும். மெயின் சரியாகத் திறக்காமல் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வில் இறங்கினால் ரிக்கர் கூலி 80, தொலைந்த கைப்பிடியும் ரிசர்வை மடித்து வைக்கும் ஃப்ரீபேக் பையும் வாங்கச் சில நூறு, மெயின் காட்டுக்குள் விழுந்து கிடைக்காமல் போனால் ஆயிரங்கள். அதற்காகத் தனியாக 500 டாலர் ஒதுக்கி வைத்திருங்கள்.

நடைமுறைச் செலவு ஆண்டுக்கு இப்படி வரும்: நூறு டிக்கெட் 3,000, யு.எஸ்.பி.ஏ. சந்தா 80 அளவு, ரிசர்வ் இரண்டு முறை 160. பிளேனோவிலிருந்து வைட்ரைட் டிராப்ஸோனுக்கு 25 வார இறுதி போய்வரப் பெட்ரோல் 250, சாப்பாடு 500. மாதம் 330 டாலர் சுமார். முதல்முறை எதைச் செய்தாலும் ஒரு பெட்டி பியர் வாங்கித் தரும் வழக்கமும் அங்கே உண்டு. முதல் ஆண்டில் முதல்முறைகள் நிறைய வரும், நூறு டாலர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காப்பீடு. உங்களை நம்பித் திருநெல்வேலியில் இருவர் இருக்கிறார்கள், அதனால் இது பயிற்சிக்கு முந்திய வேலை. யு.எஸ்.பி.ஏ. உறுப்பினர் காப்பீடு நீங்கள் அடுத்தவருக்கோ அடுத்தவர் சொத்துக்கோ செய்யும் சேதத்துக்கு 50,000 டாலர் வரை மட்டும். உங்கள் எலும்புக்கு ஒரு காசும் கிடையாது. 2023-இல் அமெரிக்காவில் சுமார் 36 லட்சம் ஜம்ப்புகளில் 10 பேர் இறந்தார்கள்; அதைவிடப் பல மடங்கு அதிகமாக நடப்பது இறங்கும்போது கணுக்காலும் காலும் முறிவது. அலுவலக மருத்துவத் திட்டத்தில் அபாய விளையாட்டுக் காயங்களை விலக்கி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. எச்.ஆர்.-இடம் திட்டத்தின் முழு விவரக் குறிப்பைக் கேட்டு வாங்கி, விலக்குகள் பகுதியைப் படியுங்கள். அங்கே ஸ்கைடைவிங் இருந்தால் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். திட்டம் மாற்றும் காலம் வரை பொறுங்கள். விபத்து மரணக் காப்பீட்டில் இந்த விலக்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

5 லட்சம் டாலர் டெர்ம் பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் ஸ்கைடைவிங் கேள்வி இருக்கும். அடுத்த ஓரிரு ஆண்டில் குதிக்கும் எண்ணம் உண்டா என்றும் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். பாலிசித் தொகையில் ஆயிரத்துக்கு இரண்டரை டாலர் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 1,250 அதிகமாகும். சில நிறுவனங்கள் குறைவாகக் குதிப்பவருக்குக் கூடுதல் போடுவதில்லை. அதனால் பல நிறுவனங்களில் விலை கேட்கும் சுயேச்சை ஏஜென்ட்டிடம் போங்கள். மறைத்து எடுத்தால் முதல் இரண்டு ஆண்டுக்குள் நிறுவனம் விசாரித்து உரிமையை மறுக்கலாம். நீங்கள் புதிதாகப் பழகும் காலமும் அதே இரண்டு ஆண்டுதான். கூடுதல் பிரீமியம் 1,250 வந்தால் மாதச் செலவு 330-க்குப் பதில் 435 ஆகும். உங்கள் 1,900-இல் அதற்கு இடம் இருக்கிறது.