மழைக்கு நட்டஈடு கேட்காதீர்கள். மழையைச் சாட்டுச் சொன்னவரிடம் கேளுங்கள்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். மே மாதம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. ஜூன் 12 ஆம் திகதி நானும் கணவரும் நான்கு இரவுகளுக்கு மாலைதீவு போனோம். கொழும்பிலுள்ள ஒரு பிரயாண முகவரிடம் 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கட்டி பக்கேஜ் எடுத்தோம். ரசீது கணவரின் பெயரில் இருக்கிறது. "ஜூனில் மழை பெரிதாக இருக்காது, பின்னேரத்தில் கொஞ்சம் தூறும்" என்று வட்ஸ்அப்பில் எழுதினார்கள். நாங்கள் மாலேயில் இறங்கும்போது மாலை 5.20. விடுதித் தீவுக்குப் போகும் சீபிளேன் (கடலில் இறங்கும் சிறு விமானம்) மழையால் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு மாலேயில் எங்கள் செலவில் 42 ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தங்கினோம். மறுநாள் ஸ்பீட் போட்டில் கொண்டுபோனார்கள். போனால் வோட்டர் வில்லாவின் (கடலுக்கு மேலே கட்டிய அறை) கூரை ஒழுகியது. கரையில் ஒரு சாதாரண அறைக்கு மாற்றினார்கள். டொல்பின் பார்க்கும் பயணமும் ரத்து. திரும்பும் வரை மழைதான். கேட்டால், "இயற்கையின் செயல், பணம் திருப்பித் தர மாட்டோம் என்ற நிபந்தனையில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்" என்கிறார் முகவர். அடுத்த பயணத்தில் 50 ஆயிரம் கழித்துத் தருவாராம், அதற்கு ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். மாமாவுக்குத் தெரிந்த ஆள், விட்டுவிடு என்கிறார் கணவர். முழுப் பணத்தையும் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முதல் வேலை, அந்தக் கடிதத்தில் உங்கள் கணவர் கையெழுத்து வைக்கக் கூடாது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் எங்காவது இருக்கும். அந்த வரிக்குக் கீழே பெயர் எழுதிவிட்டால் நான் இனிச் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு உதவாது. கையில் காசாக வராத, இன்னொரு பயணம் போனால் மட்டுமே பயன்படும் 50 ஆயிரத்துக்காக உரிமை முழுவதையும் எழுதிக் கொடுப்பது நல்ல பேரம் அல்ல.

இரண்டாவது, திகதி. உங்கள் கடிதம் ஆகஸ்ட் கடைசியில் கிடைத்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, ஒரு சேவையைப் பற்றிய முறைப்பாட்டை அந்தச் சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். திரும்பிவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்காதீர்கள்; ஜூன் 12 இலிருந்தே எண்ணி, செப்டெம்பர் 11 க்கு முன் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. முழுப் பணமும் வராது. விடுதியில் மூன்று இரவு தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், போய் வந்தீர்கள். மழை பெய்ததற்காகவும் யாரிடமும் நட்டஈடு கேட்க முடியாது. மாலைதீவில் ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். நமக்கு மே மாதத்தில் காலி வீதியை வெள்ளமாக்கும் அதே காற்றுத்தான் அங்கேயும் அடிக்கிறது. ஜூனில் விலை குறைவதற்கும் அதுவே முக்கிய காரணம். கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு ஜூன் மழை தெரியாது என்று எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார்.

ஆனால் இதே நியாயம் முகவரையும் கட்டுகிறது. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளமான உரோம டச்சுச் சட்டத்தில், மனித சக்திக்கு மீறிய நிகழ்வு ஒப்பந்தக் கடமையிலிருந்து ஒருவரை விடுவிக்கும். அதற்கு அந்த நிகழ்வு முன்கூட்டி எதிர்பார்க்க முடியாததாகவும், தவிர்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும்; கடமையை நிறைவேற்றுவதையே இயலாததாக்கியிருக்கவும் வேண்டும். வருடாவருடம் அதே மாதத்தில் வரும் பருவமழை எதிர்பாராதது அல்ல. மாலைதீவுப் பயணம் விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு அது உங்களைவிட நன்றாகவே தெரியும். அப்படியே சீபிளேன் உண்மையில் மழையால்தான் நின்றது என்று வைத்துக்கொண்டாலும், கொடுக்காத சேவைக்கான காசை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. கடமை விழுந்தால் அதற்கான விலையும் விழும். சீபிளேன் கட்டணத்துக்கும் ஸ்பீட் போட் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குரியது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய விஷயம் மழை அல்ல, அந்த 5.20. மாலைதீவின் சீபிளேன்கள் பகல் வெளிச்சத்தில், விமானி கண்ணால் பார்த்து ஓட்டுபவை. பொழுது சாய்ந்த பின் அவை பறப்பதில்லை. மாலேயில் ஆறு மணியைத் தாண்டிய சற்று நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். 5.20 க்கு இறங்கி, குடிவரவைத் தாண்டி, பெட்டி எடுத்து, சீபிளேன் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் வானம் நிர்மலமாக இருந்திருந்தாலும் உங்களுக்கு அன்று விமானம் கிடைத்திருக்குமா? அப்படியென்றால் அந்த இரவு மாலேயில் நின்றதற்குக் காரணம் மழையல்ல, உங்களுக்கு அந்த நேர டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தவரின் கவனயீனம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம் ஒவ்வொரு நுகர்வோர் ஒப்பந்தத்திலும் எழுதாமலே அடங்கியிருக்கிறது என்கிறது. ஆகவே அந்த 42 ஆயிரம் உங்கள் கோரிக்கையில் மிக உறுதியான பகுதி. விமான டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வையுங்கள். அன்று சீபிளேன் ஏன் போகவில்லை என்று விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் எதுவானாலும் பயன்படும்.

கூரையும் அப்படித்தான். மழை பெய்வது மழையின் வேலை, ஒழுகாமல் இருப்பது கூரையின் வேலை. வோட்டர் வில்லாவுக்கு விலை வாங்கி, கரையில் குறைந்த தர அறை கொடுத்தால் அந்த இரவுகளின் விலை வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தத் திகதிகளில் இரண்டு வகை அறைகளுக்கும் இருந்த விலை என்ன என்று விடுதியிடமே கேளுங்கள். டொல்பின் பயணம் பக்கேஜ் விலைக்குள் அடங்கியிருந்தால் அதன் கட்டணமும் சேரும். தனியாகக் கட்டியிருந்தால் அந்த ரசீதே போதும்.

"பின்னேரத்தில் கொஞ்சம் தூறும்" என்ற செய்தியை அழித்துவிடாதீர்கள். ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையை அதே நுகர்வோர் சட்டத்தின் 30 ஆம் பிரிவும், பொய்யான தகவல் கொடுத்து விற்பதை 31 ஆம் பிரிவும் தடை செய்கின்றன. வானிலை பற்றிய வெறும் அபிப்பிராயம் என்று முகவர் சொல்வார். அது ஓரளவு எடுபடும், ஏனென்றால் பருவகாலம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இதைத் துணைக்கு மட்டும் வையுங்கள். கோரிக்கையை இதன்மேல் கட்டாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் வட்ஸ்அப் செய்தியும் சாட்சியமாகலாம். திகதியும் இலக்கமும் தெரிய ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள்.

கையெழுத்து வைத்த நிபந்தனையைப் பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி நமக்கு 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு வணிகர் தானே அச்சடித்து நீட்டும் படிவத்தில், "நான் தவறினாலும் பொறுப்பில்லை" என்று எழுதிவைத்தால் அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் மனம் மாறிப் பயணத்தை ரத்துச் செய்தால் பணம் திரும்பாது என்பது ஒரு விஷயம். சொன்னதைக் கொடுக்காவிட்டாலும் பணம் திரும்பாது என்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவது நிற்கும். இரண்டாவது நிற்பது கடினம்.

"நாங்கள் இடைத்தரகர்தான், விடுதியிடம் கேளுங்கள்" என்றும் சொல்லலாம். பக்கேஜை ஒரே விலையில் தன் பெயரில் விற்று, தன் பெயரில் ரசீது எழுதியவர் அப்படித் தப்பிக்க முடியாது. ஒப்பந்தம் கொழும்பில் நடந்தது, பணமும் இங்கேதான் கைமாறியது. மாலைதீவு விடுதியைத் துரத்திக்கொண்டு நீங்கள் மாலேயில் வழக்குப் போடத் தேவையில்லை.

தேன்நிலவு பாழான மனவேதனைக்கும் ஏதாவது கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இங்கிலாந்தில் ஜார்விஸ் என்ற சட்டத்தரணி, தன் சுவிட்சர்லாந்து விடுமுறையைக் கெடுத்த சுவான்ஸ் டூர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 125 பவுண் பெற்றார். 1973 ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளியான புகழ்பெற்ற தீர்ப்பு அது. அவர் கட்டிய பணமே 63 பவுண் சொச்சம்தான். நமது உரோம டச்சுச் சட்டம் ஒப்பந்த மீறலுக்குப் பண நட்டத்தைத்தான் பொதுவாக அளக்கிறது. ஆகவே அந்தத் தீர்ப்பை இங்கே நம்பி இறங்க வேண்டாம் என்பேன். உங்கள் ஏமாற்றம் சின்னது என்று நான் சொல்லவில்லை. ஒருமுறைதான் வரும் அந்த நாட்களுக்கு விலை போட நமது சட்டத்தில் வழி குறைவு, அவ்வளவுதான்.

கணவரின் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கொழும்பில் நம்மவர்களுக்குள் எல்லாமே தெரிந்தவர் மூலமாகத்தான் நடக்கிறது, அதனாலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ஒப்பந்தம் அவர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் முறைப்பாடு பலவீனமாகும். ஒரு காரியம் செய்யுங்கள். மாமாவிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிறகு ஆத்திர வார்த்தை ஒன்றுமில்லாமல், தொகையைப் பிரித்துக் காட்டி, 7 நாள் அவகாசம் கொடுத்து, முகவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். மாமா பேசி முடித்தால் நல்லதுதான், ஆனால் காசு கையில் வந்த பிறகே கையெழுத்து. அந்த 7 நாளும் செப்டெம்பர் 11 க்குள் அடங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முகவரின் பெயரை முகநூலில் போடாதீர்கள். அவதூறு வழக்குக்கு இடம் கொடுப்பீர்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இருவரும் சேர்ந்து எழுதுங்கள். விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழிமுறை சொல்வார்கள், ஆனால் தொலைபேசியில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. பிரதியில் கிடைத்த திகதியுடன் முத்திரை வாங்குங்கள். முகவர் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள். பதிவு இருந்தால் ஒரு பிரதியை அங்கேயும் கொடுங்கள். கடனட்டையில் கட்டியிருந்தால், கிடைக்காத சேவைக்கான தொகையை மறுத்து வங்கிக்கு இன்றே எழுதுங்கள், அதற்கும் கால எல்லை உண்டு. பயணக் காப்புறுதி இருந்தால் தாமதத்துக்கான கொடுப்பனவு இருக்கிறதா என்று பாருங்கள்.

செப்டெம்பர் தப்பினாலும் எல்லாம் முடிந்துவிடாது. எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடர, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 6 வருடம் தருகிறது. எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம். இந்த அளவுத் தொகைக்கு நீதிமன்றம் போகும் முன் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழுடன்தான் மாவட்ட நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அங்கே சட்டத்தரணி கட்டணமே கோரிக்கையில் பாதியைத் தின்றுவிடக்கூடும். அதனால்தான் நுகர்வோர் அதிகார சபை வழியை விடாமல் பிடியுங்கள் என்கிறேன். இன்று இரவே ரசீது, டிக்கெட், மாலே விடுதிப் பில், அறை மாற்றிய மின்னஞ்சல், ஒழுகிய கூரையின் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.