பாங்காக்கில் உள்ளூர் உணவைத் தேடி உண்பது எப்படி?

முதல் முறையாக ஐந்து நாள் பயணமாகப் பாங்காக் செல்லும் நீங்கள், விடுதிச் சாப்பாட்டைத் தவிர்த்து அந்நகர மக்கள் உண்பதையே உண்ண விரும்புவதாகவும், உடன் வரும் தாயார் சைவம் என்பதால் தயக்கமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அந்நகருக்குச் சில முறை சென்று, பெரும்பாலும் தெருவோரக் கடைகளிலேயே சாப்பிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாமும் ஒரே கடையில் கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலில் விட்டுவிடுங்கள். அங்கே நல்ல தள்ளுவண்டி என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பண்டங்களை மட்டுமே செய்வது. நூடுல்ஸ் கடைக்காரர் நூடுல்ஸ் மட்டும் செய்வார், கோழிச் சோற்றுக்காரர் கோழிச் சோறு மட்டும் செய்வார். ஒரு தட்டின் அளவும் சிறியது. ஆகவே மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட, நாளுக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே அந்த நகரத்துக்குப் பொருந்தும். பண்டங்களின் பெயர் தெரியாதபோது ‘காவ் கேங்’ கடைக்குச் செல்லுங்கள். சமைத்த குழம்புகளையும் பொரியல்களையும் தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். விரலால் சுட்டிக்காட்டினால் சோற்றின்மேல் போட்டுத் தருவார்கள். காலையிலேயே செல்வது நல்லது. மதியத்துக்குப் பிறகு நல்லவை தீர்ந்துவிடும்.

சீனர் குடியிருப்பான யாவராட் சாலை மாலையில்தான் உயிர்பெறும். 2019இல் திறக்கப்பட்ட வாட் மங்கோன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். திங்கட்கிழமை அங்கே போகாதீர்கள், பல தெருக்கடைகள் அன்று விடுமுறை. பகலில் அமைதியாகப் பார்த்துச் சாப்பிட, காம்பெங் பெட் நிலையத்தை ஒட்டியுள்ள ஓர் தோர் கோர் சந்தையைப் பரிந்துரைக்கிறேன். சுத்தமான இடம்; பழங்களின் தரம் மிக உயர்ந்தது.

ஒரு பண்டத்தையாவது செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். பப்பாளிக்காய்ச் சாலடான சோம் தம் செய்பவர், ஆழமான உரலில் பூண்டையும் பச்சை மிளகாயையும் முதலில் இடித்து, பனை வெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு சேர்த்து, பிறகே துருவிய காயைப் போடுவார். ஒரு கையில் உலக்கையும் மறு கையில் கரண்டியுமாக, காய் நசுங்கிவிடாமல் சாறு மட்டும் ஏறும்படி இடிப்பதையும் புரட்டுவதையும் மாறி மாறிச் செய்வார். மிளகாயின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டிய நேரம் அவர் அதைக் கையில் எடுக்கும் கணம்தான். ‘மை பெட்’ என்றால் காரம் வேண்டாம், ‘பெட் நிட் நோய்’ என்றால் சிறிது காரம்.

இனித் தாயாரைப் பற்றி. மீன் சாறு, இறால் விழுது, சிப்பிச் சாறு ஆகியவை காய்கறிப் பொரியலிலும் கலந்திருக்கும் என்பதால், இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தால் ‘เจ’ என்று எழுதிய கொடியோ பலகையோ உள்ள கடைகளைத் தேடுங்கள். இது ‘ஜே’ எனப்படும் முறை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. ‘மங்சவிரட்’ என்பது வேறு, அதில் முட்டையும் பாலும் இருக்கலாம். வாயால் சொல்வதைவிடத் தாய்லாந்து மொழியின் எழுத்திலேயே எழுதிக் காட்டுவது பாதுகாப்பு என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன்: அம்மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் உரிய சொற்கள் நம் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. என் உச்சரிப்பை நம்பி முட்டைச் சோறு கேட்ட, முட்டை மட்டும் உண்ணும் சைவ நண்பர் ஒருவருக்குக் கோழிச் சோறு வந்தது. அவர் அன்று இரவு எதுவும் சாப்பிடவில்லை. அது என் தவறு என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு என நான்கு கிண்ணங்கள் இருக்கும். நூடுல்ஸை முதலில் அப்படியே சுவைத்து, பிறகு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமைத்தவர் இதைக் குறையாக எண்ண மாட்டார், உண்பவர் தம் நாவுக்கேற்பச் சரிசெய்துகொள்வதே அங்கு வழக்கம். சோற்றைக் கரண்டியால் உண்பார்கள், முள்கரண்டி அதைத் தள்ளிக் கொடுப்பதற்கு மட்டும்தான். சூப்பில் மிதக்கும் எலுமிச்சைப் புல்லும் இஞ்சி போன்ற பேரரத்தை வேர்த் துண்டுகளும் மணத்துக்காகப் போடப்பட்டவை, மெல்ல வேண்டாம்.

குடிநீரைப் புட்டியில் வாங்குங்கள். நடுவில் துளையுள்ள உருளை வடிவப் பனிக்கட்டி பொதுவாக ஆலையில் செய்தது, அஞ்ச வேண்டியதில்லை. சில்லறை பாத் தாள்களைக் கையில் வைத்திருங்கள்; தள்ளுவண்டியில் 1000 பாத் தாளை நீட்டினால் மீதி கொடுக்கத் திணறுவார்கள்.

பயணம் ஏப்ரல், மே மாதங்களில் என்றால் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் சேர்ந்த இனிப்பைத் தாயாருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். அது மாம்பழம் உச்சத்தில் இருக்கும் பருவம். மேலே ஊற்றும் தேங்காய்ப் பாலில் சிறிது உப்பு இருக்கும், அந்த உப்புதான் பழத்தின் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது.