ஊழியத்தை விட்டுவிட்டேனா?

கேள்வி: எனக்கு வயது 47. எங்கள் கிராமத்துச் சபையில் பதினாறு வருஷம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பொறுப்பு இருந்தது. மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போவோம். போன வருஷம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதோடு எல்லாம் நின்றுபோனது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி கொடுப்பது என்றே பொழுது போகிறது. அத்தை தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கால் கழுவப் போனால் நல்ல காலை மடக்கிக்கொண்டு, "என்னைத் தொடாதே, கர்த்தர் என்னை எடுத்துக்கொள்ளட்டும்" என்று அழுகிறார். என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்தாலும் நான் விடுவதில்லை. ஆம்பிளை இதையெல்லாம் செய்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சென்னையில் இருக்கும் கொழுந்தன் ஞாயிறுதோறும் வீடியோ காலில் ஜெபம் பண்ணுவார், அவ்வளவுதான். நான் வெளியே ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் உள்ளுக்குள் ஒரே முறுமுறுப்பு. இப்படிச் செய்வதைக் கர்த்தர் ஏற்றுக்கொள்வாரா? ஊழியத்தை விட்டுவிட்டேனோ என்று மனசு உறுத்துகிறது.
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

அன்புச் சகோதரிக்கு,

விடவில்லை. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு அங்கே நன்றாகவே கடிந்துகொள்கிறார். கோயிலைச் சாக்கு வைத்து வீட்டுப் பெரியவர்களைக் கைவிடுவதை அவர் பக்தி என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் மாதம் ஒரு முறை நின்று ஜெபித்தபோது அது ஊழியம் என்று உங்களுக்குத் தோன்றியது. நோயாளி உங்கள் வீட்டுக் கட்டிலுக்கே வந்துவிட்ட பிறகு தோன்றவில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கையில் இது வராது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

உங்கள் பக்கத்து மாவட்டத்து டோனாவூருக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். முதலில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்கிறவராகத்தான் இருந்தார். கூடவே பெண்கள் குழு ஒன்றும் போகும். 1901-ல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். பால் காய்ச்சவும் துணி அலசவும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு ராத்திரி கண்விழிக்கவும் ஆள் வேண்டுமே! வண்டிப் பயணம் சுருங்கியது. பிரசங்கம் பண்ண வந்தவள் பிள்ளை வளர்க்கிற ஆயாவாகிவிடுவதா என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. சீஷர்களின் கால்களைக் கழுவிய எஜமானாகிய இயேசுவை நினைத்துத்தான் அவர் அதற்கு ஒரு முடிவு கட்டினார். இன்றைக்கு அவரை நினைக்கிறவர்கள் அந்தக் குழந்தைகளை வைத்துத்தான் நினைக்கிறார்கள். அவர் வண்டியில் எத்தனை ஊருக்குப் போனார் என்று யாரும் கேட்பதில்லை.

முறுமுறுப்பு விஷயத்துக்கு வருகிறேன். திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்ன தகப்பனிடம் ஒரு மகன் "போகமாட்டேன்" என்றான், பிறகு மனம் மாறிப் போனான். இன்னொருவன் "போகிறேன் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவே இல்லை. தகப்பனுடைய சித்தத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்கிறார். போனவன் அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு வேலை செய்தானா என்று அந்தக் கதை சொல்லவில்லை. அதனால் நாமும் அதைத் துருவ வேண்டாம். வீடியோ காலில் "போகிறேன் ஐயா" சொல்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அதோடு, உங்கள் முறுமுறுப்பில் பாதி தூக்கமில்லாததால் வருவது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும், என்னை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தூதன் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எழுப்பிச் சாப்பிட அடையும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தடவையும் வந்து எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். தூங்கி எழுந்த பிறகும் மிச்சமிருக்கிற முறுமுறுப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒரு இடம். அத்தை காலை மடக்கிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஐ நாம் எப்போதும் கழுவுகிறவர் பக்கத்திலிருந்தே பிரசங்கிக்கிறோம். பேதுருவின் பக்கத்தில் யாரும் அதிகம் நிற்பதில்லை. பேதுருவும் காலை நீட்ட மறுத்தவர்தான். நீர் என் கால்களைக் கழுவுவதாவது, நடக்கவே நடக்காது என்றார். அதற்கு வந்த பதில் லேசானது இல்லை: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." கால் கழுவுவதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டுமோ, காலை நீட்டுவதற்கு அதைவிட அதிகமாகவே வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தையே தன் குரலால் நடத்திய அம்மா அவர். ஈரத் துணியோடு மருமகளின் முன்னால் கிடக்க நேர்ந்ததை அவரால் எப்படித் தாங்க முடியும்? அந்த அழுகை உங்கள் மேல் உள்ள கோபத்தில் வருகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். "அத்தை, இப்போ காலைத் துடைக்கப்போறேன், முதல்ல எந்தக் கால்?" என்று கேளுங்கள். முகம் துடைக்கிற துணியை நனைத்துப் பிழிந்து அவருடைய வலது கையிலேயே கொடுத்துவிடுங்கள். கோணல்மாணலாகத் துடைத்தாலும் பரவாயில்லை, அவர் முகத்தை அவரே துடைக்கட்டும். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையில் தொட்டுப் பாருங்கள். விழுந்துபோன பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், சுடுவதுகூட அவருக்குத் தெரியாது. கால்விரல் இடுக்குகளில் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுங்கள். குதிகாலையும் இடுப்பையும் முதுகின் அடிப்பக்கத்தையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்த பிறகும் சிவப்பு மறையாமல் இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம், அதைத் தள்ளிப்போட வேண்டாம். கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அடிக்கடி புரை ஏறுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அத்தையிடமும் ஒரு வேலை கேளுங்கள். நீங்கள் விட்டுவந்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளில் நாலு பேரைச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி, மனப்பாட வசனத்தை அத்தையிடம் ஒப்பிக்கச் சொல்லுங்கள். தப்பு கண்டுபிடிக்க ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள்? அதே ஏமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேதான் இருந்தார். அவர் எடுத்து வளர்த்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையிலிருந்துதான் அவர் புத்தகங்களும் கடிதங்களுமாக எழுதிக்கொண்டே இருந்தார்.

இனி உங்கள் முறை. கணவர் உதவிக்கு வந்தால் விடுவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டில் காலை மடக்கிக்கொள்கிறவர் அத்தை மட்டும் இல்லையே? தனியாகச் செய்து தீர்ப்பதைத் தாழ்மை என்று நம் சபைகளில் பெண்களுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, சில சமயம் அதற்குள் கொஞ்சம் பெருமையும் ஒளிந்திருக்கும். "ஆம்பிளை செய்தால்" என்ற கவலையை விடுங்கள், சீஷர்களின் கால் கழுவ மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சீலையை இடுப்பில் கட்டியவரும் ஆம்பிளைதான்.

அப்புறம், இது ஒருவர் செய்கிற வேலையே கிடையாது. படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள், ராத்திரியும் இதில் சேர்த்திதான். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவி வலி நிரந்தரமாகிவிடலாம். ஒரு பழைய போர்வையை நாலாக மடித்து அத்தையின் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே விரித்துப் போடுங்கள். இந்தப் பக்கம் நீங்களும் அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்காரரும் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். அத்தைக்கும் வலிக்காது, உங்கள் இடுப்பும் பிழைக்கும். துணி மாற்றும்போது மகன் பக்கத்தில் நிற்பது அத்தைக்குக் கூச்சமாக இருந்தால் அதை மதியுங்கள். திருப்பிப் படுக்க வைப்பது, கால் துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி அலசிப் போடுவது, ராத்திரி ஒரு முறை எழுந்திருப்பது என்று அவருக்கு மிச்சம் நிறையவே இருக்கிறது.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் கொடுப்பது அதில் ஒரு பகுதி. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்து வைத்துவிட்டு வாருங்கள். இதையும் உங்கள் வீட்டுக்காரர் போய்ச் செய்யலாம்.

சங்கத்துப் பெண்கள் வீட்டு ஜெபத்துக்கு வருவார்கள் என்று நினைக்கிறேன். பத்துப் பேர் வந்து, பாட்டுப் பாடி, ஜெபித்து, நீங்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். பழைய பழக்கத்தில் உரிமையோடு சொல்லுங்கள்: பத்துப் பேர் வேண்டாம், வாரம் ஒருத்தர் வந்து புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் அத்தையோடு உட்காருங்கள், நான் தூங்க வேண்டும் என்று. எருசலேம் சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று புகார் வந்தபோது அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பந்தி பரிமாறுகிற வேலைக்கே ஏழு பேர்.

கொழுந்தன் விஷயம். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் மகன், மகள் என்று வித்தியாசம் பார்க்காமல் பிள்ளைகள் எல்லாரையும் பொறுப்பாக்குகிறது. அந்தச் சட்டம் 'பிள்ளைகள்' என்று சொல்கிற இடத்தில் மருமகள் இல்லவே இல்லை! வழக்குக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, யாருடைய வேலையை யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "கண்டிப்பா ஜெபிக்கிறோம்" என்றுதான் பதில் வரும். பிள்ளைகளின் பரீட்சை லீவில் பதினைந்து நாள் குடும்பத்தோடு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா, முடியாது என்றால் பகலில் ஒரு ஆள் வைக்கிற சம்பளத்தில் பாதியை மாதம் பிறந்ததும் அனுப்புவீர்களா என்று தேதியும் தொகையும் வைத்துக் கேட்க வேண்டும். "ஜெபிச்சுட்டு சொல்றேன்" என்றால், "ஜெபிங்க, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது என்று தெரியும். அந்த போனை உங்கள் வீட்டுக்காரரே பண்ணட்டும், அவருடைய தம்பிதானே.