கண்ணாடி மாதிரி இறக்கையோடு ஒரு குளவி தினமும் செடிக்கு வருகிறது. கொட்டுமா? மருந்து அடிக்கலாமா?

தயவுசெய்து அடிக்காதீர்கள். பச்சை உடம்பு, இடுப்பில் சிவந்த பட்டை, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கிறது என்கிறீர்கள். அது குளவியே இல்லை, அந்துப்பூச்சி. கொடுக்கே கிடையாது. அறிவியல் பெயர் செபோனோடெஸ் ஹைலாஸ். உங்கள் வீட்டில் கார்டீனியா பூச்செடியோ பக்கத்தில் காப்பிச் செடியோ இருக்கும் என்று நினைக்கிறேன், இதன் புழு தின்பது அந்த இலைகளைத்தான்.

மூன்று வருடம் முன்னால் எங்கள் மொட்டைமாடி கார்டீனியாவில் வாலில் கொம்பு முளைத்த ஒரு பச்சைப் புழு இருந்தது. மாமியார் கிள்ளி எறியச் சொன்னார், மகள் ஒரே அழுகை. சரி என்று பிளாஸ்டிக் டப்பாவில் மண் போட்டு தினமும் இலை வைத்தோம். ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆனது. இரண்டு வாரம் கழித்து வெளியே வந்தபோது பார்த்தால் இறக்கையில் கண்ணாடியே இல்லை, சாம்பல் பூசியது போல மங்கிக் கிடக்கிறது. டப்பாவில் அடைத்து நாங்கள்தான் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு மனசே ஆறவில்லை. மூடியைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறக்கையைப் படபடவென்று அதிரவைத்தது, அந்தச் சாம்பல் பொடிப்பொடியாக உதிர்ந்தது, எங்கள் கண்ணெதிரே இறக்கை கண்ணாடியாகிப் பறந்து போனது. அந்தச் சாம்பல் இறக்கையை மூடியிருந்த செதில்கள், முதல் தடவை பறக்கும்போதே உதிர்ந்துவிடும் என்று அப்புறம்தான் படித்தேன்.

நான் பூச்சியியல் படித்தவள் இல்லை. 'இது பெரிய தேனீ வேஷம், குளவி வேஷம் போடுவது செசிடே என்ற வேறு அந்துப்பூச்சிக் குடும்பம்' என்று யாராவது திருத்த வருவீர்கள், அதுவும் தெரியும். அந்தக் குடும்பத்தில், ஐரோப்பாவில் பாப்லர் மரத்தைத் துளைக்கிற ஒன்று மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய குளவியை அப்படியே உரித்து வைத்திருக்கும். எந்த வேஷமானாலும் காரணம் ஒன்றுதான், கொட்டும் என்று பயந்து பறவை விட்டுவிடும். இப்படி வேஷம் போட்டுத் தப்பிப்பதை அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளை வைத்து 1862-லேயே பேட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் எழுதிவிட்டார். உங்கள் வீட்டில் நிஜக் குளவிக்கூடே இருந்தால் இந்தப் பதில் அதற்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடப் பரீட்சையில் 'அந்துப்பூச்சி பகலிலும் பறக்கும்' என்று எழுதிய என் மகளுக்கு மார்க் போய்விட்டது, 'இரவில் மட்டும்' என்பதுதான் விடையாம். நடுப்பகலில் எங்கள் இட்லிப்பூச் செடியில் எடுத்த வீடியோவைக் காட்டியும், நோட்ஸில் இருப்பதை எழுதினால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.