'டெலிகேட்' மோடில் துவைத்தால் நுண்நெகிழி குறையுமா?

கேள்வி: கடைக்குத் துணிப்பை, குடிக்க ஸ்டீல் பாட்டில் என்று மாறிவிட்டோம். இப்போது பார்த்தால், பாலியஸ்டர் துணியைத் துவைத்தாலே நுண்நெகிழி (மிகச் சிறிய பிளாஸ்டிக் இழைத் துணுக்குகள்) உதிரும் என்கிறார்கள். வீட்டில் பாதித் துணி பாலியஸ்டர்தான். எல்லாவற்றையும் தூக்கிப் போடவேண்டுமா? இழை உதிராமலிருக்க 'டெலிகேட்' மோடில் துவைக்கிறேன். அது போதுமா?

பதில்: துணி இருக்கட்டும். முதலில் அந்த 'டெலிகேட்' மோடை விடுங்கள்.

பெயரைக் கேட்டால் துணியைத் தடவிக்கொடுக்கும் என்றுதான் தோன்றும். 2019-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் பாலியஸ்டர் துணிகளைத் துவைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் சாதாரண மோடைவிட டெலிகேட்டில் சராசரியாக 8 லட்சம் இழைகள் கூடுதலாக உதிர்ந்தன. காரணம் தண்ணீர். டிரம் மெதுவாகச் சுற்றினாலும் இந்த மோடில் தண்ணீர் அதிகம். அது நூலிடுக்குகளில் புகுந்து, தளர்ந்துகிடக்கும் இழைகளை அலசி எடுத்துப் போய்விடுகிறது. நாலே நாலு துணியைப் போட்டு மெஷினை ஓட்டினாலும் இதே கதைதான். துணி சேர்ந்ததும் போடுங்கள். அதற்காகத் திணிக்கவும் வேண்டாம்.

அப்புறம் சூடும் நேரமும். 40 டிகிரியில் 85 நிமிடம் துவைப்பதைவிட, 15 டிகிரியில் 30 நிமிடம் துவைத்தபோது சுமார் 30 சதவீதம் குறைவாக உதிர்ந்ததாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அழுக்கு அதிகமில்லாத துணிக்குப் பச்சைத் தண்ணீரும் 'குயிக் வாஷ்'ஷும் போதும்.

இருக்கும் துணியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசம். புதுத்துணி முதல் சில சலவைகளில்தான் அதிகம் உதிர்க்கும். உங்கள் பழைய சட்டை அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டது. கிழியும்வரை போடுங்கள். இனி வாங்கும்போது அக்ரிலிக்கை (கம்பளி போலிருக்கும் செயற்கை இழை) மட்டும் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள்: இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்ததில் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் வரலாம் என்று கணக்கிட்டார்கள். பாலியஸ்டரில் அது 5 லட்சத்தை ஒட்டி; பருத்தி கலந்ததில் 1.4 லட்சத்துக்குள்.

மெஷினுக்கு வெளியே மாட்டும் வடிகட்டிகளும் கிடைக்கின்றன. பிளிமத்தில் சோதித்த ஆறு சாதனங்களில் சிறந்தது 78 சதவீதத்தைக் குறைத்தது. ஆனால் செலவு செய்யும் முன், மெஷினுக்குள் இருக்கும் பஞ்சு வடிகட்டிப் பையைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், ஈரக் கம்பளி போல ஒன்று அப்பியிருக்கும். மிக நுண்ணிய இழைகள் அந்தப் பையிலும் தப்பிவிடும்; இது சிக்கியது மட்டும்தான். இதை நம்மில் பலர் என்ன செய்கிறோம்? குழாயடியில் காட்டி அலசுகிறோம். பிடித்ததையெல்லாம் திரும்பச் சாக்கடைக்கே அனுப்புகிறோம்! சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைத் தடுத்தாலும், அது தங்கும் சேறு பல இடங்களில் வயலுக்கு உரமாகப் போகிறது.

பையை அப்படியே காயவிடுங்கள். காய்ந்தால் அப்பளம் போல உரிந்து வரும். காற்றில் பறக்காதபடி காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.