சுவத்துக்குப் பின்னாடி யாரோ கேக்கறாங்களாம் (கடிதமும் பதிலும்)

அக்கா, எனக்கு 16 வயசு. அம்மாவுக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா, அதான் மனச்சிதைவு நோய்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரை போட்டா தூங்கிட்டே இருக்காங்க, வேலைக்குப் போக முடியலன்னு அவங்களே நிறுத்திட்டாங்க. இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்து வழியா ஒட்டுக்கேக்கறாங்கன்னு ராத்திரி பூரா கத்தறாங்க. அப்பா இல்ல. வாடகை பாக்கி. ஸ்கூல விட்டுட்டு வேலைக்குப் போயிடலாமா? எனக்கும் இது வருமா? பேர் போடாதீங்க.

தம்பி,

கடைசிக் கேள்விதான் உன்ன அதிகமா அரிக்குதுன்னு நினைக்கறேன். அம்மா அப்பால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு நூத்துக்கு சுமார் 10, மத்தவங்களுக்கு சுமார் 1. அப்ப வராதவங்கதான் ரொம்ப ஜாஸ்தி. கஞ்சா பக்கம் மட்டும் போகாத, அது இத ஏத்திவிடும்.

அம்மா மாத்திரைய நிறுத்தினது வீம்புக்கு இல்லப்பா, அந்தத் தூக்கம் நிஜம். டாக்டர்கிட்ட போய் மாத்திரை போடலன்னு மட்டும் சொன்னா திட்டு விழும், தூக்கத்தால வேலை போகுதுன்னு சேத்து சொல்லு, அளவக் குறைக்கலாம், வேற மருந்து பாக்கலாம், சில மருந்து மாசத்துக்கு ஒரு ஊசியாவே இருக்கு, அவர் முடிவு பண்ணட்டும். நீயா சாப்பாட்டுல கலந்து குடுத்துடாத, கண்டுபிடிச்சாங்கன்னா நீயும் அந்த சுவத்துக்காரங்க கட்சின்னு ஆயிடும்.

அங்க யாரும் இல்லன்னு சண்டை போடாத, ஆமான்னும் சொல்லாத. "எனக்குக் கேக்கலம்மா, ஆனா உனக்கு பயமா இருக்குல்ல" போதும். 1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு ஆராய்ச்சியாளர், இந்த நோய்க்கு ஆஸ்பத்திரில இருந்துட்டு வீட்டுக்குப் போனவங்கள தொடர்ந்து பாத்தாரு, அவரும் அப்புறம் வந்தவங்களும் பாத்ததுல, எந்நேரமும் குறை சொல்ற வீடுகள்ல நோய் திரும்பறது அதிகமா இருந்துச்சு. (இத வெச்சு குடும்பம்தான் நோய்க்கே காரணம்னு பேசறவங்க வந்தா காதுல வாங்காத.) உனக்கும் கோவம் வரும், வரட்டும், வெளிய போய் நடந்துட்டு வா.

ஸ்கூல விடாத. நீ சம்பாதிச்சா வாடகை கொஞ்ச நாள் ஓடும், ஆனா இப்ப உன்ன தினமும் பாக்கற பெரியவங்க அங்கதான் இருக்காங்க, அதுவும் போயிடும். நம்பற ஒரு டீச்சர்கிட்ட சொல்லு, வாய் வரலன்னா எனக்கு எழுதினதையே நீட்டு. ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க்கர் இருக்காங்களான்னு கேளு, பண உதவிக்கு எங்க எழுதணும்னு டாக்டரவிட அவங்களுக்குத்தான் தெரியும்.

அம்மா சாகறதப் பத்திப் பேசினாலோ, பக்கத்து வீட்டுக்காரங்கள அடிக்கப் போனாலோ நீ தனியா சமாளிக்க நிக்காத, அந்த நிமிஷமே அவசர உதவிக்குக் கூப்பிடு. அம்மா உன்மேல கோவப்படுவாங்க, பரவால்ல.